ஸ்கோப் வாங்குறது ஒருத்தர், விலை கொடுக்கிறது இன்னொருத்தர்

லேப்டாப், பைக், இயர்போன்னு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு நம்ம இதழில் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நான் எழுதப் போறது நம்மில் யாருமே வாங்கப் போகாத ஒரு பொருளைப் பத்தி. ஆப்பிரிக்கக் காட்டெருமையை வேட்டையாடுற ரைஃபிள் மேல் பொருத்துற ஸ்கோப். ஷாக் லோடுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. மெக்கானிக்கல் ஃபைனல் இயர் பசங்களுக்கு இது புரியும்.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன். நம்ம நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. கென்யாவில் 1977-லேயே தடை பண்ணிட்டாங்க. ஆனா நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா, தென்னாப்பிரிக்கா மாதிரி நாடுகளில் லைசென்ஸ், ஒதுக்கீடு எல்லாம் வைத்து இன்னைக்கும் சட்டப்படி நடக்குது. அது சரியா தப்பா என்பது தனி விவாதம். ஆனா வேட்டையை ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவாங்க: சுட்டா ஒரே குண்டில் முடியணும். அடிபட்ட மிருகம் புதருக்குள் ஓடி, வலியோடு மணிக்கணக்கா கிடக்கக் கூடாது. அந்த ஒரே குண்டு சரியான இடத்தில் படுமா படாதா என்பதில் ஸ்கோப்புக்குப் பெரிய பங்கு இருக்கு.

என் கருத்து இதுதான். கடையில் ஸ்கோப் வாங்கப் போறவர் முதல்ல பார்க்கிறது உருப்பெருக்கம். எத்தனை எக்ஸ்? அப்புறம் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்? பலமா உதைக்கிற ரைஃபிளுக்கு இந்த ரெண்டு நம்பருமே தப்பான இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகும். பார்க்க வேண்டியது வேற மூணு: கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி கிடைக்குது, ஸ்கோப் எவ்வளவு எடை, அதைத் துப்பாக்கியோடு பிடிச்சு வைக்கிற மவுண்ட் எப்படி.

உதை என்றால் எவ்வளவு உதை?

கேப் எருமையில் வளர்ந்த காளை 700 கிலோவைத் தொடும். இந்த மாதிரி மிருகத்துக்குச் சின்னத் துப்பாக்கி கூடாதுன்னு பல நாடுகளில் சட்டமே இருக்கு. நமீபியாவில் எருமை, யானை மாதிரி மிருகங்களுக்குக் குண்டு வெளியே வரும்போது குறைந்தது 5,400 ஜூல் ஆற்றல் இருக்கணும். அந்த எல்லையைத் தாண்டுற பிரபலமான குண்டுகளில் ஒண்ணு .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். 1912-ல் லண்டனில் வந்தது. நூறு வருஷம் தாண்டியும் இன்னும் புழக்கத்தில் இருக்கு.

கணக்குப் போடலாம். குண்டு 19.4 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 770 மீட்டர். அப்போ உந்தம் கிட்டத்தட்ட 15 கிலோகிராம் மீட்டர்/விநாடி. கூடவே எரிஞ்ச பவுடர் வாயுவா முன்பக்கம் பாயுது. அதையும் சேர்த்தா சுமார் 20. உந்த அழிவின்மை விதிப்படி துப்பாக்கிக்கும் அதே 20 பின்பக்கமா கிடைக்கும். துப்பாக்கி 4.2 கிலோன்னு வைங்க, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். என்சிசியில் .22 ரைஃபிள் சுட்டவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, அந்த .22 கொடுக்கிற உந்தத்தைவிட இது இருபது மடங்கு.

இதில் எனக்கு முக்கியமா படுறது வேகம் இல்லை, நேரம். குண்டு குழலுக்குள் இருக்கிறது சுமார் 1.3 மில்லிசெகண்ட்தான். அதுக்குள்ளேயே துப்பாக்கி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தை எட்டிடும். முடுக்கம் சராசரியா 3,000 மீட்டர்/விநாடி². அதாவது புவியீர்ப்பைப் போல 300 மடங்கு. இது சராசரி மட்டும்தான். உச்சத்தில் இதைவிட ரொம்ப அதிகம்.

இப்போ அந்தத் துப்பாக்கி மேல் ஒரு ஸ்கோப் உட்கார்ந்திருக்கு. துப்பாக்கி பின்னாடி போகுது, ஸ்கோப் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்குது. பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னாடி சாயுறோமே, அதே கதை. ஸ்கோப்பை இழுத்துப் பிடிக்கிற வேலை முழுசும் ரெண்டு வளையங்கள், சில ஸ்க்ரூக்கள் தலையில். ஒவ்வொரு தடவை சுடும்போதும்.

எடை கூடினா எல்லாம் கூடும்

விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். ஒன்பதாம் வகுப்புப் பாடம். 300 கிராம் ஸ்கோப்புக்கு வளையங்கள் சராசரியா 900 நியூட்டன் விசை கொடுக்கணும். கிட்டத்தட்ட 90 கிலோ ஆள் ஒருத்தர் அதில் தொங்குற மாதிரி. இதே இடத்தில் தூரச் சுடுதலுக்கான பெரிய 5-25×56 ரகத்தைப் போட்டா? ஷ்மிட் அண்ட் பெண்டர் மாதிரி நிறுவனங்களின் அந்த ரக ஸ்கோப் ஒரு கிலோவைத் தாண்டும். விசை 3,000 நியூட்டனுக்கு மேல் போகும். அதே வளையம், அதே ஸ்க்ரூ.

இன்னொரு விஷயம், ஸ்கோப் குழாயை வளையம் பிடிச்சிருக்கிறது வெறும் உராய்வால். ஊடே போல்ட் கிடையாது, சாவி கிடையாது. எடை கூடக் கூட வழுக்குற வாய்ப்பும் கூடும். வழுக்காம இருக்க ஸ்க்ரூவை ரொம்ப இறுக்கினா மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கி உள்ளே இருக்கிற பாகங்கள் சிக்கும். அதனால்தான் வளைய ஸ்க்ரூவுக்குப் பொதுவா 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் டார்க் போதும்னு சொல்றாங்க. சுமார் 2 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாம "கைக்கு நல்லா இறுகிடுச்சு"ன்னு விடுறது இங்கே செல்லாது.

ஸ்கோப்புக்கு உள்ளேயும் இதே சண்டை நடக்குது. குறுக்குக்கோட்டை மேலே கீழே நகர்த்துற உள்குழாய் ஒண்ணு இருக்கு. அதை ஒரு ஸ்பிரிங் திருகுகளோடு அழுத்திப் பிடிச்சிருக்கும். அதிர்ச்சியில் அந்த உள்குழாய் துள்ளி, பழைய இடத்துக்குச் சரியா வந்து உட்காராம போகலாம். வெளியே ஒரு கீறல் கூட இருக்காது. பார்த்தா படம் பளிச்சுன்னு தெரியும். ஆனா குறுக்குக்கோடு காட்டுற இடத்தில் குண்டு படாது. உடைஞ்சு தொங்குற ஸ்கோப்பாவது பரவாயில்லை, உடைஞ்சதுன்னு கண்ணுக்குத் தெரியும். நல்லா இருக்கிற மாதிரியே இருந்து பொய் சொல்ற ஸ்கோப்தான் ஆபத்து.

அதனால லூபோல்ட் 1.5-5×20 மாதிரி 300 கிராம் அளவில் இருக்கிற சின்ன ஸ்கோப்புகள் இந்த வேலைக்குப் பல வருஷமா பேர் வாங்கியிருக்கு. அந்த அமெரிக்க நிறுவனம் தன் ஸ்கோப் வடிவங்களை 'பனிஷர்'னு ஒரு மெஷினில் மாட்டி, .308 ரைஃபிளைப் போல மூணு மடங்கு உதையை 5,000 தடவை கொடுத்துச் சோதிக்கிறதா சொல்லுது. விளம்பரத்துக்காகவே இருந்தாலும், சரியான விஷயத்தை விளம்பரம் பண்றாங்கன்னு நான் சொல்வேன்.

புருவத்தில் பிறை

ஸ்கோப்பில் முழுப் படம் தெரியணும்னா கண்ணைப் பின் லென்ஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வைக்கணும். அதுக்குப் பேர் ஐ ரிலீஃப். உதைக்கிற ரைஃபிளில் இந்தத் தூரம்தான் உங்க புருவத்துக்கு இன்சூரன்ஸ். தோள் சதை அமுங்கும், துப்பாக்கி பின்னாடி வரும், ஸ்கோப்பின் விளிம்பு நெற்றியில் இடிக்கும். புருவத்துக்கு மேல் அரைவட்டமா கிழியும். சுடுறவங்க நடுவில் இதுக்கு 'ஸ்கோப் ஐ'ன்னு தனிப் பேரே இருக்கு.

சாதாரண ரைஃபிளுக்கு 3 அங்குலம் போதும். .375-க்கு மேல் போனா குறைந்தது 3.5, முடிஞ்சா 4 அங்குலம் வேணும். கவனிக்க வேண்டியது, பல ஸ்கோப்புகளில் ஜூம் கூட்டக் கூட்ட இந்தத் தூரம் குறையும். டப்பாவில் பெருசா போட்டிருக்கிற நம்பர் குறைந்த ஜூமில் அளந்ததா இருக்கலாம். மேடு நோக்கிச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் தலை இன்னும் முன்னாடி போகும். கடையில் நின்னபடி பார்த்தா வசதியா தெரியுறது காட்டில் அப்படி இருக்காது.

இது வெறும் தையல் போடுற காயத்தோட முடியுறதும் இல்லை. ஒரு தடவை இடி வாங்கினவர் அடுத்த தடவை டிரிகரை அழுத்தும்போது தன்னை அறியாமலே கண்ணை மூடுவார், தோளைச் சுருக்குவார். குண்டு தள்ளிப் போகும். அப்போ தப்பு லென்ஸில் இல்லை, பயத்தில். அந்தப் பயத்தை உண்டாக்கினது ஸ்கோப்.

ஜூம் ஏன் வேண்டாம்?

எருமை வேட்டையில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேதான் சுடுவாங்க. அடர்ந்த புதரில் 30, 40 மீட்டர் கூட ஆகும். 4 மடங்கு ஸ்கோப்பில் 100 மீட்டரில் நிற்கிற மிருகம் 25 மீட்டரில் நிற்கிற மாதிரி தெரியும். நெஞ்சுப் பகுதி சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. அதுக்கு மேல் என்ன வேணும்?

ஜூம் கூடினா பார்வைப் பரப்பு சுருங்கும். 10 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 4 மீட்டர் அகலம்தான் தெரியும். 30 மீட்டரில் அது ஒரு மீட்டர் சொச்சம். எருமையின் நீளம் அதைவிட அதிகம். அதாவது ஸ்கோப் முழுக்கக் கறுப்பு மயிர் தெரியும், அது தோளா வயிறான்னே தெரியாது. 1 மடங்கில் அதே 30 மீட்டரில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். மிருகம், பக்கத்தில் இருக்கிற இன்னொரு மிருகம், நடுவில் இருக்கிற கிளை, எல்லாம்.

எருமை திரும்பி ஓடி வந்தா? மணிக்கு 50 கிலோமீட்டர்னு வைங்க. 30 மீட்டரைக் கடக்க 2 விநாடி சொச்சம். அந்த 2 விநாடியில் ஜூம் வளையத்தைத் திருப்பிட்டு இருக்க முடியாது. அதனால 1 அல்லது 1.5-ல் தொடங்கி 4, 5, 6 வரை போற ஸ்கோப் எடுத்து, நடக்கும்போது எப்பவும் கீழ் எண்ணிலேயே வைக்கணும். நேரம் இருந்தா ஏத்திக்கலாம்.

"சாயங்காலம் வெளிச்சம் பத்தாது, அதனால 50 மில்லிமீட்டர் லென்ஸ் வேணும்"னு ஒரு வாதம் உண்டு. இதுக்கும் கணக்கு இருக்கு. முன் லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தா, கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸ், 3 மடங்கு: 8 மில்லிமீட்டர். நம்ம கண்மணி இருட்டில் முழுசா விரிஞ்சாலும் 7 மில்லிமீட்டர் அளவுதான். அதாவது சின்ன லென்ஸே நம்ம கண் குடிக்கிறதைவிட அதிகமா ஊத்துது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் இங்கே சேர்க்கிறது எடையும் உயரமும்தான். உயரம் கூடினா கன்னம் கட்டையில் படியாது, தலை ஆடும், உதை இன்னும் மோசமா தெரியும்.

மங்கின வெளிச்சத்தில் உண்மையிலேயே உதவுறது வேற: ஒளிரும் சின்னப் புள்ளி வெச்ச குறுக்குக்கோடு. நிழலில் நிற்கிற கறுப்பு எருமை மேல் மெல்லிய கறுப்புக் கோடு தெரியவே தெரியாது. இதுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

மவுண்டுக்கு ஏன் கஞ்சத்தனம்?

ஸ்கோப்புக்கு லட்சக்கணக்கில் கொட்டிட்டு, அதைப் பிடிக்கிற மவுண்டை மட்டும் மலிவா வாங்குறது பெரிய பில்டிங் கட்டிட்டு ஃபவுண்டேஷனில் மிச்சம் பிடிக்கிற மாதிரி. பழைய வழக்கப்படி மவுண்டின் அடிப்பகுதியை 6-48 அளவு ஸ்க்ரூவால் பிடிப்பாங்க. விட்டம் 3.5 மில்லிமீட்டர். பெரிய ரைஃபிளுக்கு இதை 8-40 அளவுக்கு மாத்துறது நல்ல துப்பாக்கி மெக்கானிக்குகளின் வழக்கம். விட்டம் சுமார் 4.2. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனா பரப்பு விட்டத்தின் வர்க்கம் இல்லையா? சுமார் 40 சதவீதம் கூடுது.

அதைவிட நல்லது இணைப்பையே குறைக்கிறது. ரூகர் எம்77 வகை ரைஃபிள், செக் நாட்டு சிஇசட் 550 ரெண்டிலும் மவுண்ட் உட்கார்ற மேடை துப்பாக்கி உடலிலேயே செதுக்கி வந்திருக்கும். தனி அடிப்பகுதி இல்லை, அதுக்கு ஸ்க்ரூவும் இல்லை. இல்லாத ஸ்க்ரூ கழலாது. டிசைன் கிளாஸில் கேட்ட அத்தனையையும் ஒரு வரியில் சுருக்கினா இதுதான் வரும்.

நெம்புகோலைத் திருப்பினா ஸ்கோப் தனியா கழன்று வர்ற மவுண்டும் இந்த வேலைக்கு நல்லது. ஸ்கோப் காலை வாரினா கழட்டிப் போட்டுட்டு, குழல் மேல் இருக்கிற இரும்புக் குறிகளை வெச்சு வேலையைப் பார்க்கலாம்.

எதிர்வாதம் இருக்கு

"ஸ்கோப்பே எதுக்கு? அந்தக் காலத்தில் இரும்புக் குறியை வெச்சே சுட்டாங்களே?" சுட்டாங்க. அடிபட்டுத் தப்பிச்சதும் எத்தனையோ. புதருக்குள் இருக்கிற சின்ன இடைவெளியையும், குறுக்கே நிற்கிற கிளையையும் ஸ்கோப் காட்டுற மாதிரி இரும்புக் குறி காட்டாது. ஆனா ரெட் டாட் கருவி பத்தி யாராவது பேசினா நான் காது கொடுப்பேன். எடை ரொம்பக் கம்மி, கண்ணை எங்கே வெச்சாலும் புள்ளி தெரியும், புருவம் கிழியாது. கிட்டத்து வேட்டைக்கு மட்டும்னா அது நல்ல பதில். பேட்டரியை நம்பணும், தூரத்தில் விவரம் தெரியாது என்பதுதான் குறை.

"மசில் பிரேக் போட்டா உதையே குறையுமே, அப்புறம் எந்த ஸ்கோப் போட்டா என்ன?" குறையும். ஆனா குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புறதால துப்பாக்கியை முன்பக்கமா ஒரு இழு இழுக்கும். ஸ்கோப்புக்கு இப்போ ரெண்டு திசையிலும் அடி. ஸ்பிரிங் ஏர்கன் இதுக்கு நல்ல உதாரணம்: அதில் உதை கொஞ்சம்தான், ஆனா முன்னும் பின்னும் உலுக்குறதால பெரிய ரைஃபிளைத் தாங்கின ஸ்கோப்பே அதில் கெட்டுப் போகும். அது மட்டும் இல்லை, பிரேக் வெச்ச துப்பாக்கியின் சத்தம் பக்கவாட்டில் அறையும். பக்கத்தில் நிற்கிறது யார்? தடம் பார்க்கிறவரும் வழிகாட்டியும். சுடுறவர் தோள் தப்பிக்குது, அவங்க காது போகுது.

யார் தலையில் விடியுது?

தலைப்பில் சொன்னது இதைத்தான். ஸ்கோப் வாங்குறவர் எங்கிருந்தோ வர்ற வாடிக்கையாளர். தப்பான ஸ்கோப்புக்கு அவர் கொடுக்கிற விலை பணம்தான். பல இடங்களில் மிருகத்துக்கு ரத்தம் வந்தாலே அது கணக்கில் ஏறிடும், கிடைக்காட்டியும் முழுக் கட்டணம். கட்டிட்டுப் போயிடலாம்.

ஆனா அடிபட்ட எருமையை அப்படியே விட முடியாது. புல்லில் ரத்தத் துளி தேடிக் குனிஞ்சு நடக்கிறவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர், தடம் பார்க்கிற தொழிலாளி. பார்வை தரையில் இருக்கிறதால முன்னாடி என்ன இருக்குன்னு அவரால் பார்க்க முடியாது. அவருக்குப் பின்னாடி துப்பாக்கியோடு வழிகாட்டி. காயம்பட்ட எருமை ஓடிக்கிட்டே இருக்காது. வட்டமடிச்சுத் தன் தடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஸ்கோப் கேட்லாக்கை அந்தத் தொழிலாளி பார்த்திருக்கவே மாட்டார். ஆனா அதில் எந்த நம்பரைப் பார்த்து வாங்கினாங்க என்பது அவர் உயிர்ப் பிரச்சினை.

இந்த இடத்தில்தான் இது நம்ம விஷயமும் ஆகுது. நாளைக்கு நாம் போற வேலையில் பிரேக் பேட், லிஃப்ட், இன்சுலின் பம்ப், ஏதோ ஒண்ணுக்குப் பாகம் தேர்ந்தெடுப்போம். அதைத் தினமும் பயன்படுத்தப் போறவர் அந்த மீட்டிங்கில் இருக்க மாட்டார். ஸ்பெக் ஷீட்டில் முதல் வரியில் இருக்கிற பெரிய நம்பர் விற்கிறதுக்காகப் போட்டது. தாங்குமா என்பதற்கான நம்பர் கடைசிப் பக்கத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அது இல்லைன்னா கேட்டு வாங்குறது நம்ம வேலை.

ரைஃபிள்காரர் யாராவது என்கிட்ட கேட்டா நான் சொல்ற வரிசை இது. முதல்ல மவுண்ட். அடுத்து ஐ ரிலீஃப், அதுவும் அதிகபட்ச ஜூமில் எவ்வளவுன்னு. அடுத்து எடை. அதுக்கப்புறம் பார்வைப் பரப்பு, ஒளிரும் புள்ளி. கடைசியாத்தான் ஜூம். பொருத்தின பிறகு வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போடுங்க. காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரேஞ்சில் இருபது, முப்பது ரவுண்டு சுடுங்க. குண்டுகள் ஒரே இடத்தில் விழுதா, கோடு நேரா இருக்கான்னு பாருங்க. கோடு முறிஞ்சிருந்தா அந்தத் துப்பாக்கியைத் தூக்கிட்டு யாரையும் புதருக்குள்ள அனுப்பாதீங்க.